பதில் சொல்லாத ரத்தம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்தின் ஒரு முற்பகலில், நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஒரு கோழிப் பண்ணையில் இது தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதும் முழுச் சரியில்லை. தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தெரிய வந்தது அன்றுதான்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய்களில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே கற்பித்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் பண்ணைக்காரர்கள் அழைத்தால் போவதுண்டு. அன்று அழைத்தவர், பத்து வார வயதுள்ள கோழிகள் தினமும் சாகின்றன, உடனே வர வேண்டும் என்றார்.

போய்ச் சேர்ந்தபோது ஷெட் வாசலில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. பண்ணை உரிமையாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஆய்வகத்தின் தாள். எதிரே தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பண்ணை பண்ணையாகச் சென்று கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு அவருடைய குழு ஊசி போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊசிக்குப் பிறகு கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவை எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோருமே டைட்டர் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தாளில் டைட்டர் இல்லை.

“மருந்த வெயில்ல வெச்சுட்டு ஊர்க்கத பேசிட்டு இருந்திருப்பீங்க. இல்லாட்டி எப்படி சைபர் வரும்?” என்றார் உரிமையாளர்.

“ஏனுங்க, ஐஸ் பெட்டியத் தலையில சொமந்துட்டு வந்தவ நானு. ஒண்ணு உடாமப் புடிச்சுப் போட்டமுங்க. சந்தேகமா இருந்தா அதுங்களயே கேட்டுப் பாருங்க.”

“கோழி பேசுமாக்கும்?”

“அதுங்க பேசலைன்னு காயிதத்துல வந்ததுக்குத் தானுங்களே என்னய நிக்க வெச்சிருக்கீங்க!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். உரிமையாளர் சிரிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை வெளியே சொன்னால், அந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அந்தக் குழுவை உள்ளே விடாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சிரித்த பெண்களுக்கும்தான்.

தீவனச் சாக்கு ஒன்றை விரித்து, அன்று காலை இறந்த மூன்று கோழிகளை அறுத்துப் பார்த்தேன். கோழியின் வால்புறத்தில், எச்சம் வெளியேறும் இடத்துக்குச் சற்று மேலே, பர்சா என்றொரு சிறு பை இருக்கும். எதிர்ப்பொருளைச் செய்யும் அணுக்கள் பக்குவப்படுவது அங்கேதான். அந்த வயதில் அது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்க வேண்டும். மூன்றிலும் அது நிலக்கடலைப் பருப்பைப் போலச் சுருங்கிக் கிடந்தது. பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் நான்கைந்து நாட்கள் சாவு கொஞ்சம் கூடி, பிறகு தானாக அடங்கியிருந்தது. அடங்கிவிட்டதால் ஒருவரும் கவலைப்படவில்லை.

அது கம்போரோ என்ற வைரஸ் நோய். வரும், சில நாளில் போய்விட்டது போலத் தோன்றும். ஆனால் போகும்போது பர்சாவை அழித்துவிட்டுப் போகும். அதன் பிறகு வேறொரு நோய்க்கிருமி உள்ளே வந்தாலும், நாமே தடுப்பூசியைச் செலுத்தினாலும், அந்த உடம்பால் எதிர்வினை காட்ட இயலாது.

“ஊசி போட்டவர்கள் மேல் குறை இல்லை. ஊசியை வாங்கிக்கொண்ட உடம்பில்தான் குறை” என்று உரிமையாளரிடம் சொன்னேன். வகுப்பெடுத்த பழக்கம் விடவில்லை. இந்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்குக் கோழி சொல்லும் பதிலை மட்டுமே பார்க்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். உரிமையாளர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. “அடுத்த ஷெட்டுக்கு நாளான்னிக்கு வந்துருங்க” என்று மட்டும் அந்தப் பெண்மணியிடம் சொன்னார். குழுத் தலைவி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்போ டாக்டருங்க, டைட்டரு இல்லைன்னா நோவு இல்லைன்னு அர்த்தம் கெடையாதுங்களா? ஒடம்புக்குச் சொல்லத் தெம்பில்லைன்னும் இருக்குமுங்களா?”

“ஆமாம்மா” என்றேன்.

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பியின் ரத்தப் பரிசோதனைத் தாள் நினைவுக்கு வந்தது. அதன்பின் எவ்வளவு நேரம் அந்தக் குழாயடியிலேயே நின்றேன் என்று தெரியவில்லை. பண்ணை ஆள் வந்து குழாயை மூடினார்.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துச் சிற்றூரில் தனியாக இருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் இளம் வயதிலேயே ஏறியவன். வண்டி சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போனால் ஆறேழு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பும். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி தேடிப் பிடித்து, இரு வீட்டாரும் பேசி முடித்த ஒரு சம்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டான். அதற்காக நான் அவனோடு இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். பிறகு பேசினேன், ஆனால் பழைய பேச்சு இல்லை.

அன்றைக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். உடல் மெலிந்திருந்தது. எந்நேரமும் அசதி என்றான். எங்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள் கூடியிருந்தன. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு ரிப்போர்ட்டும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். கோழி மருத்துவர் மனிதரின் ரிப்போர்ட்டைப் படிக்கலாமா என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சோதனை செய்துவரச் சொன்னேன். சி வைரசுக்குச் செய்தது எதிர்ப்பொருள் சோதனை. இரண்டும் நெகட்டிவ்.

“வைரஸ் எதுவும் இல்லை” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “குடியை விடு. ஈரல் தானாகத் தேறும்” என்றும் சொன்னேன்.

அவன் மேசையிலிருந்த தாள்களை எடுத்து அடுக்கினான்.

“சரிங்ணா, உட்டர்றேன்” என்றான்.

அவன் குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. இல்லாத ஒரு பழக்கத்தை விட்டுவிடுவதாக என்னிடம் ஒப்புக்கொண்டான். நான் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ரத்த முடிவைப் படிக்கும் முன், இந்த மந்தைக்கு இதற்கு முன்பு வேறு என்ன வந்தது என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான மந்தைகளுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டவன், உடன்பிறந்தவனிடம் கேட்கவில்லை.

பண்ணையிலிருந்து நேராகத் திருச்செங்கோட்டுக்குக் காரை ஓட்டினேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவன் கட்டிலில் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான்.

“வாங்ணா. என்ன இந்த வெயில்ல? மேலெல்லாம் கோழி வாசம் அடிக்குது.”

“சோறு உண்டியா?”

“உண்டேனுங்ணா.”

அடுப்பின் மேல் சோற்றுப் பாத்திரம் தொடாமல் நிறைந்திருந்தது. வேறு ஏதாவது நோய் உனக்கு இருக்கிறதா, என்னிடம் சொல்லாதது ஏதேனும் உண்டா என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்ணா” என்றான்.

இப்படி ஒரு பதில் வந்தால் வழக்கமாக நான் ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அன்று எழவில்லை. ஏன் எழவில்லை என்று இப்போதும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவன் டீசல் விலையைப் பற்றிப் பேசினான். கம்ப்ரசரில் வந்த பழுதைப் பற்றிப் பேசினான். கர்நாடகத்தில் எண்ணூறு அடிக்கும் தண்ணீர் வராத ஒரு காட்டைப் பற்றிப் பேசினான். கேட்டுக்கொண்டே இருந்தேன். பேச்சு தீர்ந்ததும், டீ போடுகிறேன் என்று எழுந்தான். அடுப்பைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னான்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்ணா. பன்னெண்டு வருசமாச்சு.”

சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ ஆறியிருக்கும்.

நான் அருகில் போய் டம்ளரை வாங்கிக்கொண்டேன். சர்க்கரை போட மறந்திருந்தான். குடித்தேன். இன்னொரு டம்ளர் வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் அவன் திரும்பினான்.

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னான். நோய் தெரிந்த அதே மாதத்தில்தான் அந்தச் சம்பந்தம் முடிவாகியிருக்கிறது. “அந்தப் புள்ளயோட வாழ்க்கையக் கெடுக்கறதுக்கு, உங்ககிட்டப் பேச்சு வாங்கறது மேலுன்னு பட்டுதுங்” என்றான். சேலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி.க்கு இலவசமாக மருந்து தரும் மையத்தில் பதிவு செய்து, பத்து ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். வெளிமாநிலம் போகும்போது மொத்தமாக வாங்கி, டூல்ஸ் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். அன்றைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்த மையத்தின் வராந்தாவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்திருக்கிறான். மருந்து வாங்காமல் திரும்பியவன், அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

“குடியை விடு என்று நான் சொன்னபோதாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“குடிகாரன்னு நீங்க வையறது தாங்குச்சுங்ணா. இதச் சொன்னா உங்க மொகம் எப்படி ஆகும்னு தெரியல.”

அன்று என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பர்சாவைப் பற்றியும், பதில் சொல்ல முடியாத உடம்பைப் பற்றியும், அந்த ஊசிக்காரப் பெண்மணி கேட்டதைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

“அப்ப நானு கம்போரோ வந்த கோழிங்களா?”

“அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.”

“கோழியா இருந்திருந்தா, பதினாலு மாசம் முந்தியே கண்டுபுடிச்சிருப்பீங்க” என்று சொல்லிச் சிரித்தான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவனுக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் என் காதில் ஒலிக்காத நாள் இன்றுவரை இல்லை.

மறுநாள் காலையில் இருவரும் சேலம் போனோம். இரண்டு ஆண்டு இடைவெளிக்கு அங்கே என்ன சொல்வார்களோ என்று வழி முழுவதும் அவனுக்குக் கலக்கம். ஆட்டையாம்பட்டி தாண்டும்போது, வண்டியைத் திருப்பிவிடலாமா என்று கேட்டான். நான் தொடர்ந்து ஓட்டினேன்.

மையத்தில் இருந்த ஆலோசகர் ஓர் இளம் பெண். அவனுடைய பழைய அட்டையைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். “ரெண்டு வருசம் ஆச்சுங்களா? சரி, இன்னைக்கு வந்துட்டீங்களே. உக்காருங்க” என்றார். வேறெந்தக் கேள்வியும் இல்லை. அவனாகவே, சொந்தக்காரரைப் பார்த்த கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

“ஏனுங்க, உங்களப் பாத்தவரு மட்டும் இங்க சினிமா பாக்கவா வந்திருப்பாரு?” என்றார் அவர்.

இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தம்பிக்கு அது தோன்றியிருக்கவில்லை. அந்தச் சொந்தக்காரரும் அவனைப் பார்த்துவிட்டு, அவனைப் போலவே பயந்து, மருந்து வாங்காமல் போயிருப்பாரோ என்று கேட்டான். ஆலோசகர் மற்றவர்களைப் பற்றிப் பேச முடியாது என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார். என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதனை அவ்வளவு குறைந்த சொற்களில் தலைநிமிர வைத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஈரலில் உள்ள சி வைரசை நேரடியாகத் தேடும் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். இந்தச் சோதனை உடம்பின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. வைரசின் மரபுப்பொருளையே தேடும். முடிவு வந்தபோது வைரஸ் இருந்தது, நிறையவே இருந்தது. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் அணுக்களின் எண்ணிக்கையோ அடிமட்டத்தில் இருந்தது. ஸ்கேனில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

மருத்துவர் என்னைவிட முப்பது வயதாவது இளையவர். ஒரு வைரஸ் எதிர்ப்பு சக்தியைக் குலைத்துவிட்டால், மற்ற வைரசை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உருவாக்கும் திறனும் சிலருக்குப் போய்விடும் என்றார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு முதல் சோதனையே போதும், எதிர்ப்பு சக்தி மிகவும் தாழ்ந்தவர்களிடம்தான் இப்படி ஏமாற்றும் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஈரல் கெடும் வேகமும் கூடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் தலையசைத்தேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மனிதனின் பெயரை எடுத்துவிட்டுக் கோழி என்று போட்டால், அது நான் நடத்திய பாடம்.

வெளியே தம்பி மருந்துக்காக வரிசையில் நின்றபோது, மருத்துவரிடம் தனியாக ஒன்று கேட்டேன். பதினான்கு மாதங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தால்?

அவர் பேனாவை மூடி வைத்தார். “அந்தக் கேள்விக்கு டெஸ்ட் கெடையாதுங்க சார்” என்றார்.

முதலில் எச்.ஐ.வி.க்கான மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். எதிர்ப்பு சக்தி மீளும்போது அது ஈரலில் உள்ள வைரசைத் தாக்கும், அப்போது ஈரல் அளவுகள் சிறிது காலம் கூடுதலாகக்கூடத் தெரியலாம், அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். சில வாரங்கள் கழித்து, எச்.ஐ.வி. மருந்தோடு முரண்படாத மாத்திரையாகப் பார்த்து, ஹெபடைடிஸ் சி-க்கும் கொடுத்தார்கள். அதுவும் அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

அவனை நாமக்கல்லுக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஊர் பேசும் என்று தயங்கினான். என் மனைவி மாடியறையை ஒழிக்கவில்லை. படியேறினால் அவனுக்கு மூச்சு வாங்கும் என்று, கீழே எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு எங்கள் படுக்கையை மேலே மாற்றினாள். “கண்ணாலம் வேண்டாம்னதுக்கு நான் வஞ்சதெல்லாம் வாபசு தம்பி. ஆனா சோத்த மிச்சம் வெச்சா மறுக்கா ஆரம்பிப்பேன்” என்று அவனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழைய சம்பந்தத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஐந்தாறு மாதங்களில் அவன் உடம்பு தேறியது. ஒரு நாள் மருத்துவரிடம் வெட்கத்தை விட்டு ஒரு கோரிக்கை வைத்தேன். முன்பு நெகட்டிவ் என்று வந்த அதே எதிர்ப்பொருள் சோதனையை மறுபடி செய்து பார்க்க முடியுமா? சிகிச்சைக்கு அது தேவையில்லை என்றார். தெரியும் என்றேன். என்னைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தார்.

பாசிட்டிவ் என்று வந்தது. பதில் சொல்லத் தெம்பில்லாமல் கிடந்த உடம்பு பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, என் வயதுக்குப் பொருந்தாத விதத்தில் நின்றேன் போலும். “பாசிட்டிவ்னு வந்ததுக்குச் சிரிக்கற ஒரே ஆளு நீங்கதாங்ணா. வாங்க, ஆளுக பாக்கறாங்க” என்று தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சிறு வயதில் நான்தான் அவனை அப்படி இழுத்துக்கொண்டு போவேன்.

ஹெபடைடிஸ் சி மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்துச் செய்த சோதனையில் சி வைரஸ் தென்படவில்லை. முற்றிலும் போய்விட்டது என்றார்கள். அது போன பிறகும் ஈரல் பழையபடி ஆகவில்லை. ஒரு முறை சுருங்கிய ஈரலில் பின்னாளில் கட்டி வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்தோம். மூன்றாவது ஸ்கேனில் கட்டி தெரிந்தது. சென்ற ஐப்பசியில் அவன் இறந்தான். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு மாலையில், அவன் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டான். “இப்ப வேண்டாமுங்ணா. நான் போன பொறவு ரிக்குல என்கூட இருந்த ஆளுககிட்டச் சொல்லிருங்க. எவனாச்சும் ஒருத்தன் என்னயாட்டவே மாத்திரய உட்டுட்டு, காயிதத்துல நெகட்டிவ்னு பாத்துட்டுத் தெம்பாச் சுத்திட்டு இருப்பான். எங்காச்சும் எழுதறதா இருந்தாலும் எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம்.”

கருமாதி முடிந்த மறுநாள், கர்நாடகத்தில் வேலையை நிறுத்திவிட்டு, ரிக்கில் அவனோடு இருந்த ஏழு பேர் வந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அண்ணனுக்கு என்ன ஆச்சுங்க, குடிகூட இல்லையே என்று ஒருவர் கேட்டார். எழுதி வைத்துப் பழகிய சொற்பொழிவைப் போல இல்லாமல், அவன் சொன்ன மாதிரியே, எச்.ஐ.வி. என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கொண்டுவந்த டீயை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். சொன்னது சரியா என்று எனக்கு அந்தக் கணத்தில் நிச்சயமில்லை.

புறப்படும்போது எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர், நாற்பது வயதிருக்கும், கைபேசியை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். கைபேசி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

“சார், அந்த ஆஸ்பத்திரில, அது எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார்.

பெரிய கட்டடத்தைத் தாண்டி வலப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. “நாளைக்கு எனக்கும் சேலத்தில் ஒரு வேலை இருக்கிறது, சேர்ந்தே போகலாம். காலையில் இங்கேயே சாப்பிட வாங்க” என்றேன். எனக்குச் சேலத்தில் ஒரு வேலையும் இல்லை. “வாரனுங்க” என்று சொல்லிவிட்டு, சிறிது தூரம் போய், மறுபடி திரும்பிப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்.

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். வழி நெடுக நான் அவரை எதுவும் கேட்கவில்லை. ராசிபுரம் தாண்டிய பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். பிறருக்கு விடை சொல்லியே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒருவர் தம் வாயால் சொல்லும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை என் தம்பி போன பிறகுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன், இன்னும் முழுதாகக் கற்றுவிடவில்லை.